இ20 பெட்ரோலும் குறைந்த மைலேஜும்: ஈரோட்டுப் பட்டறையில் இரண்டு கார்கள்

கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற சாராயத்தை இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் போட்டால் மைலேஜ் குறையுமா என்று கேட்பவர்களுக்கு, குறையும் என்பதே நேரான பதில். அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் எவ்வளவு குறைய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு மேல் குறைந்தால், மிச்சத்துக்கான காரணத்தை வண்டிக்குள்தான் தேட வேண்டும். ஈரோட்டில் நாங்கள் நடத்தும் பட்டறைக்கு இந்தப் புகாரோடு வந்த கார்களில் இரண்டை மட்டும் எடுத்து, என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், எது எரிபொருளின் வேலை, எது வண்டியின் கோளாறு என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒன்றில் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுந்திருந்தது. மற்றொன்றில் சரியான இடத்திலேயே விழுந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எத்தனாலைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது நியாயமாகாது.

முதல் கார் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தது. பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலுக்கு வெகு காலம் முன்பே வாங்கிய, நான்கு சிலிண்டர் கொண்ட, கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த சின்ன பெட்ரோல் கார் அது. உரிமையாளர் மஞ்சள் வியாபாரி. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு வந்து போவதே அந்த வண்டியின் முக்கிய வேலை. “லிட்டருக்குப் பதினெட்டு குடுத்துட்டு இருந்த வண்டிங்க, இந்தப் பெட்ரோல் வந்ததுக்கப்பறம் பதினாலரையத் தாண்ட மாட்டேங்குதுங்க” என்றார். ஊரில் காட்டிய இடங்களிலெல்லாம் பெட்ரோல்தான் காரணம் என்று சொல்லி, டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்தையும் விற்றிருக்கிறார்கள். அது எந்தப் பலனையும் தரவில்லை.

வண்டியில் கை வைக்கும் முன் கணக்கைப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூலுக்குச் சற்று மேல், அதாவது பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் (இ10) லிட்டருக்கு 30.9 மெகாஜூலும், இருபது சதவீதம் கலந்தால் (இ20) 29.8 மெகாஜூலும் கிடைக்கும். ஆகவே, எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20 ஏழு சதவீதம் குறைவான ஆற்றலைத் தருகிறது; இ10 பெட்ரோலோடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம் குறைவு. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது. நாட்டில் பத்து சதவீதக் கலப்பு 2022 ஜூனிலேயே எட்டப்பட்டுவிட்டது. இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் தொடங்கி வைக்கப்பட்டு, படிப்படியாகப் பங்க்குகளுக்கு வந்தது. எனவே அண்மைக் கால மைலேஜோடு ஒப்பிடுகிறவர் இ10 பெட்ரோலைத்தான் தன்னையறியாமல் அளவுகோலாக வைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கின்படி பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி 17.4 கொடுக்க வேண்டும். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ஏற்பச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் ஆறு முதல் ஏழு சதவீதமும், இ10-க்காகவே வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த வண்டிகளில் ஒன்று முதல் இரண்டு சதவீதமும் இழப்பு இருக்கும் என்று மதிப்பிட்டது. அதில் மோசமான எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 16.7-க்குக் கீழே போக வழியில்லை. வியாபாரி இழந்தது லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ இருபது சதவீதம். பெட்ரோல் பொறுப்பேற்கக்கூடியது அதில் சிறு பகுதிதான்.

இழப்பு உண்மைதானா என்பதை முதலில் அளந்தோம். டேஷ்போர்டில் ஓடும் எண்ணை நாங்கள் நம்புவதில்லை. டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் ஆனது என்று பார்க்கும் டேங்க் டு டேங்க் முறையில், ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், குழாய் தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பிடித்து, பவானி வழியாகக் கோபி போய்த் திரும்பும் அதே சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு முன் டயர்களிலும் காற்று குறைவாக இருந்ததைச் சரிசெய்த பிறகும் பதினைந்தைத்தான் தொட்டது.

அடுத்து, டேங்கில் இருப்பது இ20-தானா என்பதைப் பார்க்க வேண்டும். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலை ஊற்றி, அதில் 20 மில்லி தண்ணீரை விட்டு, வாயை மூடிக் குலுக்கி நிமிர்த்தி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கலங்கலாகச் சுழன்றுகொண்டிருந்தது மெல்லத் தெளிந்து, நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு விழுந்தது. தண்ணீர் இருபதில் நின்றிருக்க வேண்டிய அந்தக் கோடு நாற்பதை ஒட்டி நின்றது. ஊற்றிய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதற்கு இதைவிட வேறு சான்று பட்டறையில் தேவைப்படாது. அதிகக் கலப்பும் இல்லை, கலப்படத் தண்ணீரும் இல்லை. இது ஆய்வகத் துல்லியமுள்ள சோதனை அல்ல என்றாலும், சந்தேகத்தைத் தீர்க்கப் போதுமானது.

வழக்கின் திருப்பம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது வந்தது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிவதற்குக் குறைந்த காற்றே போதும்: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது கிலோ, இ20-க்குப் பதின்மூன்றரை. எரிபொருளின் அளவை மாற்றாமல் இ20-ஐ மட்டும் ஊற்றினால், சிலிண்டருக்குள் காற்று மிகுந்து, பெட்ரோல் பற்றாத கலவைதான் உண்டாகும். அப்படி ஓடும் இன்ஜினில் பிளக்கின் பீங்கான் முனை வெளுத்திருக்கும். எங்கள் கையில் இருந்த நான்கு பிளக்குகளும் கரி படிந்து, விரலில் ஒட்டும் அளவுக்குக் கறுத்திருந்தன. அது பெட்ரோல் மிகுந்து எரிந்ததன் அடையாளம். எத்தனால் ஒரு பக்கம் இழுக்க, வண்டி அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு முரண்பாட்டைப் பார்த்திருந்தால், முன்பு வண்டியைப் பார்த்தவர்கள் பெட்ரோலைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்கேனரை மாட்டிச் சாலையில் ஓட்டினோம். இன்ஜெக்டர் வைத்த வண்டிகளில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவையில் பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினி அதற்கேற்ப இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும், அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இ10-இலிருந்து இ20-க்கு மாறினால் இந்த நீண்ட காலத் திருத்தம் நான்கு சதவீதம் அளவுக்குக் கூட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கணினிக்கு இருபது சதவீதம் வரையும் அதற்கு மேலும் திருத்த இடமிருப்பதால், இது அதற்கு எளிய வேலை. இந்தக் காரிலும் சென்சாரின் கட்டுப்பாட்டில் ஓடிய நேரங்களில் திருத்தம் நாம் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தது. சிக்கல், வண்டி அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவதே அரிதாக இருந்தது என்பது. இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்ட்டின் வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டி நிற்க வேண்டிய இடத்தில், காற்று முகத்தில் அடிக்கும் நெடுஞ்சாலையில் அறுபதை ஒட்டியே ஊசலாடிக்கொண்டிருந்தது.

கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் உறையைக் கழற்றினால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. கோடைக் காலத்தில் இன்ஜின் சூடாகிறது என்று காட்டிய ஓரிடத்தில் அதைக் கழற்றி எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். நம் பக்கத்து வெயிலில் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்ற எண்ணம் மெக்கானிக்குகளிடையே ஊறிப்போயிருக்கிறது. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். தெர்மோஸ்டாட் இன்ஜினைக் குளிரவைக்கும் கருவி அல்ல, அதைச் சரியான சூட்டில் நிறுத்தி வைக்கும் கருவி. அது இல்லாவிட்டால் இன்ஜின் காலையில் கிளம்பியதுபோலவே நாள் முழுவதும் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டு, குளிர்ந்த இன்ஜினுக்குக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயில் உரிய சூட்டுக்கு வராமல் கெட்டியாகவே ஓடுவதால் உராய்வும் கூடும்.

இந்தக் கோளாறு இ10 காலத்திலேயே இருந்திருக்குமே, அப்போது ஏன் தெரியவில்லை என்று வியாபாரி கேட்டார். மிக நியாயமான கேள்வி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய கோடையும் அவருடைய பங்க்கில் இ20 வந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், இரண்டு காரணங்களும் ஒரே காரணமாகத் தெரிந்திருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. எத்தனால் ஆவியாக மாறுவதற்கு, எடைக்கு எடை, பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். அதே அளவு காற்றுக்கு அதிக எத்தனால் வேண்டியிருப்பதையும் சேர்த்தால் நான்கு மடங்கு. ஆகவே குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் இ20 இன்னும் அரைகுறையாகத்தான் ஆவியாகும். தெர்மோஸ்டாட் இல்லாத குறையை எத்தனால் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தக் குறைக்கான தண்டத்தைக் கூட்டியது.

தெர்மோஸ்டாட்டைப் போட்டு, கோடையில் உண்மையாகவே சூடாக்கியிருந்த ரேடியேட்டர் அடைப்பைச் சுத்தம் செய்து, பிளக்குகளை மாற்றிய பிறகு, அதே சாலையில் அதே முறையில் அளந்தபோது மைலேஜ் பதினேழைத் தாண்டியது. மிச்சமிருக்கும் இடைவெளி எத்தனாலுக்கு உரியது. அதை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது என்று அவரிடம் சொல்லித்தான் வண்டியை ஒப்படைத்தேன்.

ஒப்படைக்கும் முன் பார்த்த இன்னொன்று மைலேஜைவிட முக்கியம். பெட்ரோல் ஃபில்டருக்கு அருகில் இருந்த ரப்பர் ஹோஸை விரல்களால் அழுத்தியபோது மேல்தோல் பிசுபிசுத்தது. கிளிப் இறுக்கிய இடத்தில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. துணியால் துடைத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தது. இயற்கை ரப்பரும், எத்தனாலுக்கென்று தயாரிக்காத பழைய ரகச் செயற்கை ரப்பரும் எத்தனாலில் ஊறினால் உப்பும், இளகும், உலர்ந்ததும் வெடிக்கும். அதே சமயம், அவ்வளவு வயதான ரப்பர் சாதாரணப் பெட்ரோலிலும் கெட்டிருக்கலாம் என்பதால், முழுப் பழியையும் எத்தனால் மேல் நான் போட மாட்டேன். காரணம் எதுவானாலும் தீர்வு ஒன்றே: ஃப்ளோரோ ரப்பர் உட்பூச்சுள்ள ஹோஸ், அதே ரகத்து இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள். இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் மைலேஜைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இந்த ஹோஸ்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் கசிவது உயிரோடு விளையாடும் செயல்.

இரண்டாவது கார் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருடையது. இன்ஜெக்டருக்கு முன்பு பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்புரேட்டர் காலத்து வண்டி. அவருடைய அப்பா வாங்கியது என்பதால் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகும்போது, வளைவில் வேகம் குறைத்து மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் மூச்சடைத்தாற்போல் நின்று, பிறகுதான் இழுக்கிறது என்பது அவருடைய புகார். மைலேஜும் குறைந்திருந்தது, ஆனால் அதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை.

இங்கே பிளக் வெளுத்திருந்தது. கார்புரேட்டருக்குச் சென்சாரும் கிடையாது, கணினியும் கிடையாது. பெட்ரோல் வரும் ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகின் துளை எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல்தான் போகும், அதில் எத்தனால் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகத் துளையிட்ட அந்த ஜெட் வழியாக இ20 போனால், தேவையைவிட ஏழெட்டு சதவீதம் குறைவாகப் போகிறது. சமதளத்தில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஏற்றத்தில், அதுவும் திடீரென்று மிதிக்கும்போது, தெரிந்தே தீரும்.

இதற்குச் செய்த வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டியது. ஏழரை சதவீதம் கூடுதலாகப் போக வேண்டுமென்றால் துளையின் பரப்பைத்தான் அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். விட்டத்தில் அது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் ஜெட் என்றால் 1.04 மில்லிமீட்டர். ஊசியை விட்டுக் குடைந்து பெரிதாக்கும் வேலையை நான் அனுமதிப்பதில்லை. துளை முட்டை வடிவமாகி, அளவு தெரியாமல் போய்விடும். அடுத்த அளவு ஜெட்டைத் தேடி வாங்கிப் போட்டோம். மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைத் தள்ளும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் விறைத்துப் போயிருந்தது, ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை உப்பியிருந்தது, இரண்டையும் மாற்றினோம். வளைவில் வந்த மூச்சடைப்புக்கு ஜெட்டைவிட அந்த விறைத்த டயாஃப்ரமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. டேங்க்கைக் கழற்றியபோது அடியில் துருவும் பழைய பிசின் படிவும் பெயர்ந்து கிடந்தன. எத்தனால் நல்ல கரைப்பான். ஆண்டுக்கணக்கில் டேங்க் சுவரில் படிந்திருந்ததையெல்லாம் அது கழுவி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். அதனால், பழைய வண்டியில் முதன்முறை இ20 நிரப்பிய சில நாட்களிலேயே ஃபில்டரை மாற்றிவிட வேண்டும்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத் தண்ணீர் இன்னொரு எதிரி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பெட்ரோல் எடுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை ஈரத்தில் பாதி டேங்கோடு வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. நிரப்பி வைக்க வேண்டும், அல்லது காலி செய்து வைக்க வேண்டும்.

இனி, இழந்த மைலேஜை இன்ஜினை மாற்றியமைத்துத் திரும்பப் பெற முடியுமா என்பதைப் பார்க்கலாம். முடியும், ஆனால் அது புதிய இன்ஜின் வடிவமைப்பவர் செய்ய வேண்டியது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. மத்திய அரசு தரும் விவரப்படி, 91 ஆக இருந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் இ20-இல் 95 ஆகிறது. ஆக்டேன் கூடினால், கலவை நேரம் தவறித் தானாக வெடித்து இன்ஜின் தட்டாமல், அதிக அழுத்தத்தைத் தாங்கும். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அழுத்த விகிதத்தை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்கு உயர்த்தினால், கொள்கையளவில் வெப்பத் திறன் மூன்று சதவீதம் கூடும். நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறைவு. இ10-இலிருந்து இ20-க்கு மாறியதில் இழந்த மூன்றரை சதவீதத்தில் பெரும்பகுதி இதிலேயே திரும்பிவிடும். இ20-க்கென்று சரிசெய்த வண்டியில் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் என்ற மதிப்பீடு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பழைய வண்டியின் கணினியோ 91 ஆக்டேனுக்கு எழுதிய தீப்பொறி நேரத்தையே பெரும்பாலும் பின்பற்றும் என்பதால், கூடுதல் ஆக்டேன் அதற்கு வீணாகப் போகிறது.

கோவையில் லேத்துக்கும் மில்லிங்குக்கும் பஞ்சமில்லை. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தோப்புக்காரரும் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். ஹெட்டைச் சீவினால் வால்வுகள் திறந்து மூடும் டைமிங் பிசகும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடம் குறையும், எங்காவது சாதாரணப் பழைய பெட்ரோல் நிரப்ப நேர்ந்தால் இன்ஜின் தட்டத் தொடங்கும். இரண்டு மூன்று சதவீதத்துக்காக இதைச் செய்வது கட்டுப்படியாகாது.

முழு எத்தனாலில் ஓட்டுவதைப் பற்றியும் பேச்சு வந்தது. சத்தியமங்கலம், ஆப்பக்கூடல் பக்கமெல்லாம் கரும்பும் சர்க்கரை ஆலையும் இருக்கும்போது இந்த ஆசை எழுவது இயல்பே. ஒரு டன் கரும்பின் சாற்றிலிருந்து ஏறத்தாழ எழுபது லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஆனால் ஆலையில் வடித்தெடுக்கும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட் என்ற எத்தனாலை வாங்கி ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதில் ஐந்து சதவீத அளவுக்குத் தண்ணீர் இருப்பதால் பெட்ரோலோடு கலந்தால் பிரியும், உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் குறிப்பிட்ட பங்க்குகளில் எத்தனால் 100 என்ற எரிபொருள் அறிமுகமானது. அதுவும் பெட்ரோலிலும் எத்தனாலிலும் ஓடுவதற்கென்றே கட்டிய ஃப்ளெக்ஸ் இன்ஜின்களுக்கு மட்டும் உரியது. முழு எத்தனாலுக்கு எரிபொருளின் கன அளவு ஒன்றரை மடங்காக வேண்டும். ஜெட்டின் விட்டம் கால் பங்கு கூட வேண்டும். இன்ஜெக்டர், பம்ப் எல்லாமே பெரிதாக வேண்டும். எத்தனாலின் ஆவி தீப்பிடிக்கப் பதின்மூன்று டிகிரி அளவு வெப்பமாவது வேண்டும் என்பதால், ஈரோட்டில் தயங்காமல் கிளம்பும் வண்டி மார்கழி விடியலில் ஊட்டியில் கிளம்பாது. பிரேசிலில் 1970-களின் இறுதியில் வந்த எத்தனால் கார்களில் இதற்காகவே தனியாக ஒரு சிறு பெட்ரோல் தொட்டி வைத்தார்கள்.

பிரேசில் மக்கள் பங்க்கில் நின்று போடும் கணக்கு ஒன்று உண்டு: எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். அங்கே 2003 முதல் இரண்டிலும் ஓடும் கார்கள் இருப்பதாலும், பங்க்கில் இரண்டும் தனித்தனியாக விற்பதாலும் அந்தத் தேர்வு அவர்கள் கையில் இருக்கிறது. இ20-ஐப் பொறுத்தவரை இதே முறையில் பார்த்தால், இ10 விற்ற விலையைவிட மூன்றரை சதவீதம் குறைவாக விற்றால்தான் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு மாறாமல் இருக்கும். அப்படிக் குறைத்து விற்கவில்லை. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு 2024-25-இல் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த கொள்முதல் விலையே லிட்டருக்கு 71.86 ரூபாய் என்பதைப் பார்த்தால் ஏன் குறையவில்லை என்பது புரியும். அதே மக்காச்சோளத்தை நம்பி நாமக்கல்லிலும் பல்லடத்திலும் கோழிப்பண்ணை நடத்துவோர் தீவன விலை ஏறுவதாக வருந்துவதும் இதனால்தான். கோபி வியாபாரியின் வண்டியில் டயர் காற்றும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து மீட்டுத் தந்த இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால், அவர் கேட்டுப் பெற வேண்டிய மிச்சம் அந்த விலையில்தான் இருக்கிறது.